அம்பாசிடரா, பத்மினியா? கேட்டவர்களுக்குப் பதில்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி என்ற இந்தப் பழைய கார்கள் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன், இரண்டுக்கும் அடியில் படுத்து எண்ணெய் குளித்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து: அண்ணே, அம்பாசிடர் 1489 சிசி, பத்மினி 1089 சிசி. 400 சிசி கூடுதலாக இருந்தும் அம்பாசிடர் ஏன் பறக்க மாட்டேன் என்கிறது?

சிசி என்பது இன்ஜினின் கொள்ளளவுதான் தம்பி, எடையையும் சேர்த்துப் பாருங்கள். பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய பெட்ரோல் இன்ஜின் போட்ட அம்பாசிடருக்குச் சுமார் 50 குதிரைத்திறன், எடை 1100 கிலோவைத் தாண்டும். பத்மினிக்குச் சுமார் 40, எடை 900 கிலோவை ஒட்டி. வகுத்தால் டன்னுக்கு இரண்டும் 45 குதிரைத்திறன் பக்கத்தில்தான் வந்து நிற்கின்றன. கூடுதல் 400 சிசி அந்தத் தகரத்தைச் சுமக்கவே சரியாகப் போய்விடுகிறது.

ஆனால் சுபாவம் வேறு. அம்பாசிடரில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மி.மீ., பத்மினியில் 75. அதனால் அம்பாசிடர் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். மூன்றாவது கியரில் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் முனகாது. பத்மினியைக் கொஞ்சம் முறுக்கினால்தான் உற்சாகம் வரும். இன்னொன்று: எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் முதலில் வந்ததும் இதே 1489 சிசி இன்ஜினோடுதான். இரட்டை கார்புரேட்டர், இலகுவான உடம்பு. நம்ம ஊர் தாத்தாவுக்கு அப்படி ஒரு பங்காளி!

நாமக்கல்லிலிருந்து: சார், ஐந்து பேரோடு கொல்லிமலை ஏற எது?

ஏற்றத்துக்கு அம்பாசிடர். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கை வலித்த பிறகு பத்மினியை நினைத்துக்கொள்வீர்கள். எனக்குக் கவலை ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான். இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். விடாமல் மிதித்தால் சூடேறி, பிடிப்பு குறையும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

மதுரையிலிருந்து: ஜப்பானின் இசுசு கம்பெனி இன்ஜின் போட்ட அம்பாசிடர் எப்படி?

அது வேறு வண்டி. 1817 சிசி, சுமார் 75 குதிரைத்திறன், ஐந்து கியர். பாவம், பத்மினியை அந்தப் பந்தயத்துக்கு இழுக்காதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: நம்ம மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை மறந்துவிட்டீர்களே?

மறப்பேனா! 948 சிசிதான், ஆனால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். சந்துக்குள் மற்ற இரண்டும் அதனிடம் பாடம் படிக்கணும்.

ஈரோட்டிலிருந்து: சரி, இன்று ஒன்று வாங்கினால் எதைப் பார்ப்பது அண்ணா?

இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள். அதைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். இரண்டுக்குமே தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடம்புதான் எலும்பு. துரு பிடித்தால் கதை முடிந்தது. முன்பு பளபளவென்று பெயின்ட் அடித்த பத்மினி ஒன்றை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டேன். ஜாக்கி மேலே வந்தது, வண்டி வரவில்லை. மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள், கதவுக்குக் கீழே விரலால் அழுத்துங்கள். அப்புறம், பழைய அம்பாசிடர்களில் டீசல் இன்ஜின் மாற்றியவை நிறைய. இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.