இரண்டு செட்-குக்கி வருகிறது, ஒன்றுதான் மிஞ்சுகிறது
சர்வர் தன் பதிலோடு அனுப்பும் ஹெட்டர்களை, அதாவது பெயரும் மதிப்புமான வரிகளை, பைத்தான் டிக்டில் (ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு மட்டுமே வைக்கும் அமைப்பு) போடாதீர்கள், பைத்தானின் கெட்ஹெட்டர்ஸ் தரும் பெயர்-மதிப்பு ஜோடிப் பட்டியலாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாட்டுத்தாவணி பூ விலைத் தளத்தில் லாகின் நிற்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும்: லாகினை நினைவில் வைக்கும் செஷனுக்கு ஒரு செட்-குக்கி (குக்கியைச் சேமிக்கச் சொல்லும் ஹெட்டர்), மல்லியா பிச்சியா என்ற தேர்வுக்கு இன்னொன்று என்று சர்வர் அனுப்பும்போது, டிக்டில் ஒரே சாவி என்பதால் பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும்.

அந்தப் பட்டியலை அப்படியே பிரிண்ட் செய்து பாருங்கள், செட்-குக்கி இரண்டு வரி தெரிந்தால் சந்தேகமே இல்லை. பெயரைச் சிறிய எழுத்தாக்கித் தேடுங்கள், ஹெட்டர் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் கிடையாது.

அப்புறம், கமா போட்டு இரண்டையும் ஒட்டிவிட வேண்டாம். வேறு பல ஹெட்டர்களுக்கு அது சரி, இதற்கு ஆகாது. குக்கி எப்போது காலாவதியாகும் என்று சொல்லும் எக்ஸ்பயர்ஸ் தேதியிலேயே கிழமைக்குப் பின் ஒரு கமா இருக்கிறது, அப்புறம் எந்தக் கமாவில் பிரிப்பீர்கள்?