டி.யு-22எம்3: வேகம் எதற்கு?

கே: ரஷ்யாவின் டி.யு-22எம்3 குண்டுவீச்சு விமானம், புறப்பட்டது முதல் இலக்கு வரை ஒலியை மிஞ்சும் வேகத்திலேயே போகுமா?

ப: போகாது. போனால் எரிபொருள் நடுவழியிலேயே தீர்ந்துவிடும். தன் எடையும் சேர்த்து மொத்தம் 124 டன் வரை எடையோடு எழும்பும்போது இறக்கைகள் 20 பாகையில் விரிந்து, முனைக்கு முனை 34 மீட்டர் இருக்கும். நெடும்பயணம் ஒலிக்குக் குறைந்த வேகத்தில்தான். எதிரியை நெருங்கியதும் இறக்கைகளை 65 பாகை வரை பின்னால் மடக்குவார்கள். அகலம் 23 மீட்டராகக் குறையும். ஆஃப்டர்பர்னர் (என்ஜினின் வெளியேறும் வாயுவில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் அமைப்பு) எரிய, ஏவும் எல்லைக்குள் பாய்ந்து, ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வேகத்தின் உபயோகம் அவ்வளவே.

கே: அப்படியானால் தலைக்கு மேலே போய் குண்டு போடாதா?

ப: போடும். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானிலிருந்து விலகிய காலத்திலும், 2022-ல் உக்ரைனின் மரியுபோலிலும் போட்டது. ஆனால் அதைச் செய்ய இவ்வளவு விலையுள்ள விமானம் தேவையில்லை. இது உருவானது அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களை அடிக்க. ஆயுதம், ஏறக்குறைய 5.8 டன் எடையுள்ள கே.எச்-22 ஏவுகணை. வழக்கமாக ஒன்றோ இரண்டோ. மூன்று மாட்டலாம், ஆனால் பறக்கும் தூரம் குறைந்துவிடும். ஒற்றை விமானமாகப் போனால் பலன் இல்லை. பல விமானங்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் ஏவினால்தான் கப்பலின் பாதுகாப்பு திணறும்.

உண்மையான சிக்கல், கப்பல் எங்கே என்பது. 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்தில் ஓடும் கப்பல் ஒரு மணி நேரத்தில் 55 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். சோவியத் காலத்தில் டி.யு-95ஆர்.டி.எஸ் உளவு விமானமும் செயற்கைக்கோள்களும் தகவல் தராவிட்டால், இந்த விமானம் கண்ணைக் கட்டிக்கொண்டு பறந்த மாதிரிதான்.

கே: அதே ஏவுகணை உக்ரைன் நகரங்களில் ஏன் குடியிருப்புகளில் விழுகிறது?

ப: ரேடாரில் இலக்கைத் தேடும் ஏவுகணை அது. திறந்த கடலில் கப்பல் தனியாகத் தெரியும். நகரத்தில் எல்லாக் கட்டடமும் எதிரொலிக்கும். 2023 ஜனவரி 14 அன்று த்னிப்ரோவில் அடுக்குமாடி ஒன்றைத் தகர்த்து, 40-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது கே.எச்-22 என்றது உக்ரைன் விமானப்படை. ஒரு டன் அளவு வெடிமுனையை இப்படி ஊருக்குள் ஏவுபவருக்கு விளைவு தெரியாமல் இருக்காது.

கே: வானிலேயே எரிபொருள் நிரப்ப முடியுமா?

ப: முடியாது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதங்களைக் கட்டுப்படுத்த நடத்திய சால்ட்-2 பேச்சுவார்த்தையின்போது, அமெரிக்காவை எட்டும் விமானமாக இது எண்ணப்படக் கூடாது என்பதற்காக, நிரப்பும் குழாயைக் கழற்றிவிட்டார்கள்.