துர்கைமும் செத்தவீடும்

கேள்வி: பட்டப்படிப்பு மாணவருக்குச் சமூகவியல் படிப்பிக்கிறேன். பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைமின் தொழிற் பிரிவினைக் கோட்பாட்டை வரி பிசகாமல் எழுதுகிறார்கள். ஊரில் நடக்கும் மாற்றத்தை அதைக்கொண்டு விளக்கச் சொன்னால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம்?
(இளம் விரிவுரையாளர், சுன்னாகம்)

பதில்: தங்கச்சி, உதாரணம் தேடச் சொன்னால் பொருந்துவதை மட்டுமே பொறுக்கி வருவார்கள். இடறுகிற ஒன்றை நீங்களே கொடுங்கள். என் தெரிவு செத்தவீடு.

அந்தக் காலத்துச் செத்தவீட்டைப் பாட்டன் பாட்டியிடம் கேட்டு எழுதி வரட்டும். வெள்ளை கட்ட ஒருவர், பறையடிக்க ஒருவர், சவரத்துக்கு ஒருவர். எல்லாம் பிறப்பால் தலையில் விழுந்த குடிமைத் தொழில். இன்று மலர்ச்சாலைக்கு ஓர் அழைப்புப் போதும்; பெட்டி, வாகனம், ரொறன்ரோவிலுள்ள மகன் பார்ப்பதற்கான நேரலைக் கமரா எல்லாம் வந்து இறங்கும். எழுதியதைப் பெயரோடு வாசிக்க மட்டும் வைக்காதீர்கள். பந்தலுக்குள் இருந்தவரின் பேத்தியும் வெளியே பறையோடு நின்றவரின் பேரனும் ஒரே வாங்கில் இருக்கக்கூடும்.

"முன்பு பொறிமுறை ஒருமைப்பாடு, இப்போது சேதன ஒருமைப்பாடு" என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லும். முன்னது எல்லோரும் ஒரேமாதிரி இருப்பதால் வரும் பிணைப்பு; பின்னது வேறுவேறு தொழில் செய்து ஒருவரையொருவர் நம்பியிருப்பதால் வரும் பிணைப்பு. விடாதீர்கள். அன்றும் ஆளுக்கொரு தொழில் இருந்ததே, அது பிரிவினை இல்லையா? 1893இல் வந்த துர்கைமின் 'சமூகத்தில் தொழிற் பிரிவினை' நூலின் கடைசிப் பகுதியை அப்போது திறவுங்கள். சாதியால் திணிக்கப்படும் வேலைப் பகிர்வு ஒருமைப்பாட்டைத் தராமல் பிணக்கையே தரக்கூடும் என்று துர்கைம் அங்கே பேசுகிறார். நம் விரிவுரைக் குறிப்புகள் அந்தப் பக்கமே போவதில்லை; பரீட்சைக்கு வராதாம்!

அடுத்த இடறல் இன்னும் நல்லது. சனம் பெருகி நெருங்க நெருங்கத் தொழில் பிரியும் என்பது அவர் கணக்கு. இங்கேயோ 1983க்குப் பின் வெளிநாடு, 1995இல் இடப்பெயர்வு என்று ஊர்கள் வெறுமையாகின. பந்தல் போட ஆளில்லை, வெளியிலிருந்து காசு வந்தது. சேவை விலைக்கு வந்துவிட்டது. குடிமையும் தானாக உதிரவில்லை. செய்யமாட்டோம் என்று மறுத்தவர்கள் இருந்தார்கள். 1957இல், சாதியின் பேரால் ஆட்களை ஒதுக்குவதைக் குற்றமாக்கி, சமூகக் குறைபாடுகளுக்கு எதிரான சட்டம் வந்தது. அதன் பிறகும் 1968இல் மாவிட்டபுரத்தில், ஒடுக்கப்பட்ட சாதியாரையும் உள்ளே விடச் சொல்லி, கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. இந்த இடத்தில் வர்க்கப் போராட்டம் பேசிய மார்க்ஸ் வேண்டும் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

வினாக்கொத்தோடு செத்தவீட்டுக்கு ஒருவரையும் அனுப்பாதீர்கள். பத்திரிகை மரண அறிவித்தல்கள் போதும். பிறப்பிடம் எது, வதிவிடம் எது, மருமக்கள் எந்த நாட்டில் என்று அட்டவணை போடட்டும். ஒப்பிடப் பழைய பத்திரிகைகளை 'நூலகம்' இணையத்தளத்தில் தேடலாம்.