வாட்டர்கலர் வானம், பேனாக் கோட்டு மலைகள்: எதை முதலில் செய்வது?

கேள்வி: மலைகளைப் பேனாவால் கோட்டு வடிவங்கள் போட்டு நிரப்பிவிட்டு, மேலே வாட்டர்கலரில் வானம் தீட்டினேன். மை கரைந்து வானமே சாம்பலாகிவிட்டது. எங்கே தவறு? விலை கூடிய பொருட்கள் வாங்கியே ஆகவேண்டுமா?

பதில்:

வானம்தான் முதலில். அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் பேனா. "பேனா முதலில், வண்ணம் பிறகு என்றுதானே எல்லோரும் வரைகிறார்கள்" என்று யாராவது கேட்பார்கள். தெருக்காட்சி ஸ்கெட்சுக்கு அது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் மலை முழுக்க நுண்கோடு போடும்போது கை மணிக்கணக்கில் தாளிலேயே கிடக்கும். உள்ளங்கையின் எண்ணெயும் வியர்வையும் பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது. பிறகு பூசும் வானம் திட்டுத்திட்டாக நிற்கும்.

பணம் செலவழிக்க வேண்டியது தாளுக்கு. தாளின் கனம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இல்லாவிட்டால் ஈரத்தில் நெளிந்து, பள்ளங்களில் வண்ணம் தேங்கும். கோல்ட் பிரஸ் எனப்படும் சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் வானம் அழகாக வரும், ஆனால் அதன் சொரசொரப்பு பேனா முனையைத் தேய்த்துவிடும். இந்த வேலைக்கு ஏ5 அளவில், சொரசொரப்பு குறைந்த தாள் போதும். நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பலகையில் பிடித்துக்கொள்ளுங்கள். மலைமுகட்டை மட்டும் எச்பி பென்சிலால் மெல்லக் கோடிடுங்கள். வண்ணத்துக்கு அடியில் போன பென்சில் கோட்டை அழிப்பது கடினம்.

தாளை நனைக்கும் முன்பே வண்ணங்களைக் கலந்து தயாராக வையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு தேக்கரண்டி அளவு. பாதியில் கலக்க உட்கார்ந்தால் தாள் காய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முகடு வரை சுத்தமான தண்ணீரை இரண்டு முறை பூசுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது, ஒரே சீராக மினுங்கினால் போதும். மேலே அல்ட்ராமரைன் (அடர்நீலம்), கீழே வரவர செருலியன் (வெளிர் வான்நீலம்), தொடுவானத்தில் ஏறக்குறைய வெறும் தண்ணீர். காய்ந்ததும் நிறம் நன்றாக வெளிறும், அதனால் கண்ணுக்குச் சற்று அதிகமாகத் தெரியும் அளவுக்கே போடுங்கள். மாலை வானம் என்றால் மஞ்சளும் நீலமும் தொட்டுக்கொள்ளக்கூடாது, பச்சையாகிவிடும். நடுவில் ரோஸ் ஒரு பட்டை வந்தால் அது இரண்டோடும் நன்றாகக் கலக்கும். மேகத்துக்கு, மினுமினுப்பு இருக்கும்போதே டிஷ்யூவைக் கசக்கி ஒற்றி எடுங்கள், ஒவ்வொரு ஒற்றலுக்கும் புதுப்பக்கம்.

மினுமினுப்பு மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு ஈரத்தூரிகை பட்டாலும், புதிய தண்ணீர் பாதி காய்ந்த நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் போன்ற கறையை உண்டாக்கும். வானம் கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசித் திருத்தத்தில்தான்.

காய்ந்ததா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. வெயில் காலத்தில் அரைமணி நேரம் போதும், மழைக்காலத்தில் அதைவிட நன்றாகக் கூடும். ஈரத்தாளில் மை இழைஇழையாகப் பரவும்.

பேனா, நீரில் கரையாத பிக்மென்ட் மை கொண்டதாக இருக்கட்டும். ஒரு துண்டுத்தாளில் கோடு போட்டு, பத்து நிமிடம் கழித்து ஈரத்தூரிகையால் தேய்த்தால் தெரிந்துவிடும். ஜெல் பேனாக்கள் பலவும் இதில் தேறாது. பேனாவில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம்: பிக்மா மைக்ரான் என்ற பிக்மென்ட் மைப் பேனாவில் 01 என்பது 0.1 அல்ல, 0.25 மி.மீ. தடிமன் கோடு; 005 என்பது 0.20, 08 என்பது 0.50. இந்த மூன்றே போதும்.

இனி மலைகள். கொடைக்கானல் பக்கம் பூம்பாறையின் படிவயல்களை மேலிருந்து பார்த்திருந்தால், வடிவங்களைத் தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு படியும் ஒரு பட்டை: ஒன்றில் புள்ளி, அடுத்ததில் சாய்கோடு, அதற்கடுத்தது வெறுமை. கோடு சரிவோடு வளைந்து இறங்க வேண்டும். நேர்கோடாகப் போட்டால் மலை சுவராகிவிடும்.

பலரும் வழுக்குவது தொலைவில். தொலைமலைக்கு வடிவத்தைச் சிறிதாக்குவது சரிதான். ஆனால் சிறிதாக்கினால் கோடுகள் நெருங்கும், நெருங்கினால் அந்த மலை கறுக்கும், கறுத்தால் முன்னால் வந்து நிற்கும். எனவே அங்கே 005 மட்டும், அறுபட்ட கோடுகள், கறுப்பு நிரப்பல் கூடவே கூடாது. நடுமலைக்கு 01. முன்னால் 08 வைத்துப் பெரிய இலைகள், இடையிடையே முழுக் கறுப்பு. அடுத்தடுத்த மலைகளில் ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிச்சம் என மாறி வரட்டும். கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காததுதான், ஆனாலும் சொல்லவேண்டும். பள்ளி ஓவியப் போட்டிகளில் வெள்ளை இடம் விட்டால் "முடிக்கவில்லை" என்று மதிப்பெண்ணைக் குறைப்பது எத்தனை பிள்ளைகளின் கையைக் கெடுத்திருக்கிறது! இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரம் வரை கிரேயான். அப்படிப் பழகிய கைக்கு ஒரு படியை வெறுமையாக விட மனம் வருவதேயில்லை. மூன்றில் ஒரு பங்காவது வெள்ளையாக இருந்தால்தான் மேலே நீங்கள் தீட்டிய வானம் எடுபடும். இது என் கணக்கு, சட்டமல்ல.

கடைசியாக, மை காய்ந்தபின், ஒரு மலை இன்னொன்றின் பின்னால் மறையும் விளிம்பில் 2பி பென்சிலை மெல்லத் தேய்த்து, சுருட்டிய தாள்முனையால் மேல்நோக்கி இழுத்துவிடுங்கள். டேப்பை உரிக்கும்போது வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக இழுங்கள். படத்தின் பக்கம் இழுத்தால் தாளின் தோல் உரிந்து வரும்.