அத்தை போனப்புறம் மனசு லேசா இருக்கு, இது தப்பா மேடம்?

வணக்கம் மேடம்,

எனக்கு 54 வயசு, தஞ்சாவூர். எங்க அத்தை, அதாவது மாமியார், இந்த மாசில தவறிட்டாங்க. மறதி நோய். ஏழெட்டு வருஷமா நான்தான் பாத்தேன். கடைசி ரெண்டு வருஷம் படுத்த படுக்கை, மூக்குல ட்யூப் வழியா கஞ்சி, ஏர் பெட், படுக்கைப்புண் வந்துடக் கூடாதுன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, பகல்னாலும் ராத்திரின்னாலும் அதே கணக்குதான். எங்க வீட்டுக்காரர் நல்லவர், ஆனா அவங்கம்மாவ சுத்தம் பண்றதுன்னா ரூம விட்டு வெளில போயிடுவாரு. குறை சொல்லல, நடந்தத சொல்றேன்.

அத்தைக்கு எல்லாம் மறந்து போச்சு மேடம், என் பேரு, அவங்க பெத்த பொண்ணு பேரு எல்லாமே. ஆனா படுக்கைல விழறதுக்கு முன்னாடி வரைக்கும் கொல்லைல பறிச்ச மல்லி மொட்ட அவங்க மடில கொட்டிட்டா போதும், கை தானா ரெண்டு ரெண்டா எதிரெதிர வச்சு நெருக்கமா கட்டிடும். "யாருக்கு கட்றீங்க அத்தை"ன்னு கேட்டா முழிப்பாங்க, கை மட்டும் நிக்காது.

இப்போ விஷயத்துக்கு வரேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு ஏழாவது முடிச்சிருக்கு, லீவுல போரடிக்குதுன்னு ஏப்ரல்ல வந்து "ஆன்ட்டி எதாவது கத்துக் குடுங்க"ன்னுச்சு. எனக்கு தெரிஞ்சது ஸ்கூல்ல சிஸ்டர் சொல்லிக் குடுத்த கிராஸ் ஸ்டிச்தான், துணில கட்டம் எண்ணி பெருக்கல் குறி மாதிரி போடற தையல். சரின்னு கடைக்குப் போய் கட்டம் கட்டமா நெஞ்ச மேட்டி துணி, மொட்டை ஊசி, ஆங்கர் நூல் லச்சி பத்து கலர்ல வாங்கிட்டு வந்தேன். ஆறு இழைல ரெண்ட மட்டும் உருவி கோக்கறது, ஒரு வரிசை முழுக்க ஒரு பக்கம் சாய்ச்சு போட்டுட்டு திரும்பி வரப்போ குறுக்க போடறது, மேல வர்ற இழை எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சாதான் பளபளப்பு ஒண்ணா தெரியும்னு சொல்லிக் குடுத்தேன், சொல்லிக் குடுக்கப் போய் எனக்கே பித்து பிடிச்சிருச்சு. ஒரு ஜோடிக் கிளி போட்டுட்டு இருக்கேன். காலைல வெயில் ஏறறதுக்குள்ள கொல்லைல தண்ணி ஊத்தி, கத்திரிக்கும் மிளகாய்க்கும் அடில காஞ்ச தென்னமட்டை சருகெல்லாம் போட்டு மூடிட்டு, பதினோரு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் ஃபேனுக்கு அடில உக்காந்து ரெண்டு பேரும் கட்டம் எண்ணுவோம். அக்னி நட்சத்திரமே தெரியாம போச்சு மேடம் எனக்கு. சந்தோஷமா இருந்தேன், உண்மைய சொல்லணும்னா கல்யாணத்துக்கு அப்புறம் இப்படி ஒரு கோடை நான் பாத்ததில்ல.

போன வாரம் நாத்தனார் வந்தாங்க. டீப்பாய் மேல நூலெல்லாம் கிடந்தத பாத்துட்டு "எங்கம்மா எப்படா போவாங்கன்னு காத்துட்டு இருந்த மாதிரில்ல இருக்கு, கலர் கலரா வாங்கி வச்சிருக்க"ன்னாங்க. அதோட நிக்கல, மன்னார்குடில பெரியம்மா (அத்தையோட அக்கா, 83 வயசு) தனியா இருக்காங்க, பசங்க ரெண்டு பேரும் வெளிநாட்ல, "நீ இப்ப சும்மாதானே இருக்க, இங்க கொண்டு வந்து வச்சுக்கலாம்"னு எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவரு சரின்னும் சொல்லல வேணாம்னும் சொல்லல, "பாப்போம்"னு இருக்காரு.

அன்னிலேர்ந்து ஊசிய எடுத்தாலே உறுத்துது. அத்தை போனப்போ நான் சத்தமா அழல, ஒரு பெருமூச்சுதான் வந்துச்சு. நான் கல்நெஞ்சக்காரியா? இன்னொண்ணு, இப்பவும் ராத்திரி ரெண்டு மணிக்கு டாண்ணு முழிப்பு வந்துடுது, புரட்டணும்னு எந்திரிச்சு அந்த ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுதான் நெனப்பு வருது. அப்புறம் தூக்கம் வராது, ஹால்ல ட்யூப் லைட்ட போட்டு விடியற வரைக்கும் கிளி போடுவேன். அடுத்த வாரம் ஸ்கூல் திறந்தா அந்தப் பொண்ணும் வராது. பெரியம்மாவ வேணாம்னு சொன்னா பாவமா மேடம்?

தஞ்சாவூர் வாசகி



அன்புள்ள அக்கா,

முதல்ல நீங்க கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன். இல்ல, நீங்க கல்நெஞ்சக்காரி இல்ல. அந்தப் பெருமூச்சுல எந்தத் தப்பும் இல்ல.

இத ஆறுதலுக்காக சொல்லல. 2003ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு, மறதி நோய் வந்தவங்கள வீட்லயே வச்சுப் பாத்துக்கிட்ட 217 பேர அமெரிக்காவுல தொடர்ந்து கவனிச்சாங்க. அவங்க பாத்துக்கிட்டவங்க இறந்ததுக்கு அப்புறம் கேட்டப்போ 72 சதவீதம் பேர் "எனக்கு அது ஒரு விடுதலையா இருந்துச்சு"ன்னாங்க, போனவங்களுக்கே அது விடுதலைதான்னு சொன்னவங்க 90 சதவீதத்துக்கும் மேல. அவ்ளோ பேரும் பாசம் இல்லாதவங்களா? மறதி நோய்ல துக்கம் சாவுக்கு அப்புறம் ஆரம்பிக்கறதில்ல அக்கா. உங்க பேர அவங்க மறந்த அன்னிக்கே நீங்க ஒரு தடவை அழுதிருப்பீங்க, நடக்க முடியாம போனப்போ ஒரு தடவை, ட்யூப் போட்டப்போ ஒரு தடவை. மாசில அழ மிச்சம் இல்லாம போனதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

அந்த மல்லி மொட்டு கட்டற விஷயத்த நீங்க எழுதினத நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். பேரு, முகமெல்லாம் பதியற இடம் வேற, கை பழகின வேலை மூளைல பதியற இடம் வேற, மறதி நோய்ல முதல்ல அடி வாங்கறது அந்த முதல் இடம்தான், அதனாலதான் உங்க பேரு போனதுக்கு அப்புறமும் பூக்கட்டு போகல. அது இந்த நோயோட சுபாவம். ஆனா அது தெரியாமலே தினமும் மொட்ட பறிச்சு அவங்க மடில கொட்டினீங்க பாருங்க, அவங்ககிட்ட இன்னும் மிச்சம் இருந்தது எதுன்னு கண்டுபிடிச்சது நீங்கதான். அது வேண்டாவெறுப்பா பாத்துக்கறவங்க செய்யற வேலை இல்ல. நாத்தனார் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக இத மறந்துடாதீங்க.

துக்கத்த பத்தி நெதர்லாந்துல மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட்னு ரெண்டு பேர் 1999ல எழுதின ஒரு கருத்து இருக்கு, எங்க தொழில்ல இப்போ நிறைய பேர் அத வச்சுதான் பேசறோம். துக்கத்துல இருக்கவங்க கொஞ்ச நேரம் போனவங்க நெனப்புல இருப்பாங்க, கொஞ்ச நேரம் அத விட்டு விலகி புது வேலை, புதுப் பழக்கம்னு இருப்பாங்க, இப்படி மாறி மாறிப் போயிட்டு வர்றதுதான் மனசு ஆறுற வழி, ஒரே பக்கமா நின்னுட்டாதான் சிக்கல்ங்கறாங்க. நீங்க காலைல கொல்லைல நிக்கறப்போ அத்தை நெனப்பும் வருது, மத்தியானம் கட்டம் எண்ணறப்போ அது போயிடுது. அந்தப் போக்குவரத்து உங்களுக்கு நல்லபடியா நடந்துட்டு இருக்கு.

நெதர்லாந்துலயே 2011ல இன்னொரு சின்ன ஆய்வு. தோட்டம் வச்சிருக்க 30 பேருக்கு முதல்ல டென்ஷன் ஏத்தற ஒரு வேலைய குடுத்துட்டு, பாதிப் பேர அரை மணி நேரம் தோட்டத்துலயும் மீதிப் பேர உள்ள உக்காந்து படிக்கவும் விட்டாங்க. கார்டிசால்னு சொல்ற அழுத்த ஹார்மோன் ரெண்டு பக்கமும் இறங்குச்சு, தோட்டத்துக்குப் போனவங்களுக்கு இன்னும் நல்லா இறங்குச்சு. தையலுக்கு என் அனுபவத்துல இருந்து சொல்றேன், எண்ணிக்கை வேலைங்கறதால மனசுல ஓடற பேச்சுக்கு அங்க இடம் கிடையாது. ஏழெட்டு வருஷமா உங்க உழைப்பு எதுக்கும் முன்னேற்றம்னு ஒண்ணு இருந்ததில்ல, எவ்ளோ பாத்தாலும் நாளைக்கு அவங்க இன்னும் மோசமாதான் ஆவாங்க. இப்போதான் சாயங்காலம் பாத்தா கிளிக்கு ஒரு இறக்கை கூடியிருக்கு. அதுக்கு ஏங்கினதுல ஒரு பிசகும் இல்ல.

ஆனா எனக்கு கவலையா இருக்கறது ரெண்டு மணி முழிப்புதான். உங்க உடம்பு இன்னும் நைட் டியூட்டில இருக்கு. பகல் தையல் உங்களுக்கு மருந்து, ராத்திரி தையல் அந்த டியூட்டிய நீட்டிக்குது, ஏன்னா ட்யூப் லைட் வெளிச்சம் கண்ணுல பட்டா மூளை விடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கும், கட்டம் எண்ணவும் அது முழுசா முழிச்சாகணும், அப்புறம் எங்க தூங்கறது. முழிப்பு வந்தா மணி பாக்காதீங்க. கொஞ்ச நேரம் படுத்துப் பாத்தும் வரலைன்னா எந்திரிச்சு ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்துல உக்காருங்க, கைக்கு எதாவது வேணும்னா லச்சி நூல அட்டைல சுத்தி வைங்க, கொட்டாவி வந்ததும் போய் படுங்க. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலைல ஒரே நேரத்துல எந்திரிக்கணும், பகல்ல படுக்கக் கூடாது, இதுதான் கஷ்டம், ஆனா இதுதான் வேலை செய்யும். அந்த ரூம்ல ஏர் பெட் இன்னும் இருந்தா தேவைப்படற யாருக்காவது குடுத்துடுங்க, கட்டில வேற பக்கம் நகத்திப் போடுங்க. இந்த வயசுல மாதவிடாய் நிக்கற மாற்றத்தாலயும் முழிப்பு வரும், தைராய்டு, சுகர் ரெண்டும் ஒரு தடவை பாத்துடுங்க, இவ்ளோ வருஷத்துல உங்க உடம்ப யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

ரெண்டு வாரம் தொடர்ந்து நூலும் பிடிக்கல செடியும் பிடிக்கல, சாப்பாடு இறங்கல, நான் ஏன் இருக்கணும்னு தோணுதுன்னா அது வேற விஷயம், அப்போ காத்திருக்காதீங்க. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. 14416 டெலி மனாஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பர், ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

இப்போ பெரியம்மா. வேணாம்னு சொல்லுங்க. பாவம் இல்ல. "இப்ப முடியாது"ன்னு சொல்றதுகூட எனக்குப் பயம், அத மூணு மாசம் கழிச்சுன்னு எடுத்துப்பாங்க. அவங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க, 2007ல வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி பொறுப்பு அவங்களோடது, வெளிநாட்ல இருக்கவங்க சம்பளம் குடுத்து வீட்டோட ஆள் வைக்கலாம், நல்ல முதியோர் இல்லம் பாக்கலாம், 14567 முதியோர் உதவி எண்ல கேட்டா வழி சொல்வாங்க. நாத்தனாருக்கு அவ்ளோ அக்கறைன்னா அவங்க வீடும் இருக்கு. நீங்க மன்னார்குடிக்கு ஒரு நாள் போய் பெரியம்மாவ பாத்துட்டு வாங்க, பிடிச்சா கூட ரெண்டு தடவை போங்க, அதுக்கு மேல கடமைன்னு ஒண்ணும் கிடையாது. "சும்மா இருக்க"ங்கற வார்த்தைய வீட்ல யாரும் சொல்ல விடாதீங்க, ஏழெட்டு வருஷம் பாத்துட்டு, அதுல ரெண்டு வருஷம் ராத்திரி தூங்காத உடம்பு ஓய்வுல இருக்கு, அவ்ளோதான்.

உங்க வீட்டுக்காரர்கிட்ட இத சண்டையா ஆக்காம, சாயங்காலம் அவர கொல்லைக்குக் கூட்டிட்டுப் போய் பைப்ப அவர் கைல குடுத்துட்டுப் பேசுங்க. "நாத்தனார் சொன்னதுக்கு நீங்க என்ன சொல்லப் போறீங்க"ன்னு கேக்காதீங்க, அது அவருக்குத் தப்பிக்க வழி. "என்னால இன்னொருத்தர பாக்க முடியாது, இத உங்க தங்கச்சிகிட்ட நீங்கதான் சொல்லணும்"னு சொல்லிட்டு நிறுத்திடுங்க, காரணம் அடுக்காதீங்க. அம்மா படுக்கைல இருந்தப்போ ரூம விட்டு வெளில போனவர் அவர். இந்த ஒரு விஷயத்துல அவர் உள்ள வந்து நிக்கணும்.

ஸ்கூல் திறந்தா அந்தப் பொண்ணு வராதுன்னு வருத்தப்பட்டீங்க. சனிக்கிழமை அனுப்புவீங்களான்னு அவங்கம்மாகிட்ட இன்னிக்கே கேளுங்க, தெருவுல இன்னும் ரெண்டு பசங்க சேர்ந்தாலும் சேருவாங்க. ஆடிப்பட்டத்துக்கு இன்னும் ஒண்ணரை மாசம் இருக்கு, அதுக்குள்ள கொல்லை மண்ண கொத்தி எரு போட்டு ஆறவிடுங்க, அவரை, புடலை, பீர்க்கன் விதை வாங்கி வைங்க. நாத்தனார் அடுத்த தடவை இதப் பத்தி போன் பண்ணா நீங்க பேசாதீங்க, ஃபோன உங்க வீட்டுக்காரர் கைல குடுத்துட்டு நீங்க ஊசிய எடுங்க.