டெசிபெல் கணக்கில் தடுமாறும் நண்பருக்கு

நண்பரே, அமெச்சூர் ரேடியோ தேர்வுக்கு விதிமுறைப் பகுதி நன்றாக வருகிறது, டெசிபெல்லும் ஆன்டெனா நீளமும் வந்தால் கை நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், இது பழகினால் வந்துவிடும்.

டெசிபெல் என்பது ஒரு திறன் இன்னொன்றைப் போல எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் அளவு. அதற்கு இரண்டு எண் போதும். திறன் இரட்டிப்பானால் 3 டெசிபெல், பத்து மடங்கானால் 10. 5 வாட் 100 வாட் ஆனால்? 5 பத்து மடங்காகி 50, அப்புறம் இரட்டித்து 100. ஆக 13 டெசிபெல். லாகரிதம் பக்கமே போக வேண்டாம். ஆனால் கேள்வி மின்னழுத்தத்தைப் பற்றியது என்றால் இரட்டிப்புக்கு 6. அவசரத்தில் மதிப்பெண் போவது இங்கேதான்.

ஆன்டெனாவுக்கு, 300ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுங்கள். அலைநீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 42, அரை அலை டைபோலுக்கு, அதாவது அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பி ஆன்டெனாவுக்கு, 21. நிஜக் கம்பி ஏறக்குறைய 5 சதவீதம் குட்டை, அதாவது 20 மீட்டர்.

பழைய வினாக்களுக்கு விடையின் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்வதாகச் சொன்னீர்களே, அதை இன்றே விட்டுவிடுங்கள். விடைகளின் வரிசை மாறினால் அத்தனையும் போச்சு. தினமும் நான்கைந்து கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். சிக்கினால் அந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.