மோதிய கார் கிடைக்காவிட்டால்?

கேள்வி: என் அண்ணி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியற்காலையில் ரோடு பெருக்கும்போது ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிவு, வண்டி நம்பர் தெரியாது. நஷ்டஈடு கிடைக்குமா? - வாசகி, மதுரை

பதில்: கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆவது பிரிவில், இடித்த வண்டி எது என்றே தெரியாத விபத்துக்கும் பணம் உண்டு. உயிர் போனால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், எலும்பு முறிவும் பலத்த காயம்தான். முதல் தகவல் அறிக்கை, சிகிச்சைச் சீட்டுகளோடு விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியரிடமோ தாசில்தாரிடமோ மனு கொடுங்கள். அப்புறம், வேலை நேரத்தில் அடிபட்டதால் இ.எஸ்.ஐ. இருந்தால் அதில் கேளுங்கள், இல்லையென்றால் ஊழியர் இழப்பீடு இருக்கிறது; முன்பு அது 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. "கான்ட்ராக்டரைப் போய்க் கேள்" என்று வேலை கொடுத்த நிர்வாகம் கைகழுவ முடியாது, அதனிடமும் கேட்கலாம். நாளைக்கே கார் சிக்கி, கோர்ட்டில் பெரிய தொகை வந்தால் இந்த 50,000-ஐ அதில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.